சுகருக்குச் செய்த ஜெபம்

ஜெபதாஸ் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு மாத்திரை தரையில் விழுந்தால் அதற்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். விழுந்ததைப் பார்த்தவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர், அழித்தவர் ஒருவர். மாத்திரைகளைப் புட்டியில் அடைத்து லேபிள் ஒட்டும் லைனில் அவர் பத்து வருடமாக இன்ஸ்பெக்டர். லேபிள் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் லைனை நிறுத்திவிடுவார். சூப்பர்வைசர் வந்து தலையில் அடித்துக்கொண்டாலும் அசையமாட்டார். "கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்பதை நியூஜெர்சியின் எடிசனில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் அத்தனை பேரும் அவர் வாயால் குறைந்தது பத்து தடவை கேட்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் கேட்டிருப்பார்கள், ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் மரச்சீனிக்கிழங்கு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் கேட்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் அந்த இரண்டாயிரமாவது வருடத்தில் இரண்டு பொய் சொல்லியிருந்தார். ஒன்று காகிதத்தில். மற்றது முழங்காலில் நின்று.

காரணம் அவருடைய மச்சினன் செல்லதாஸ். மனைவி ஞானமணியின் ஒரே தம்பி. எண்பதுகளில் குமரி மாவட்டத்தில் கணக்கும் சயன்ஸும் படித்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து போனவர். போய்ச் சேர்ந்த இடம் லெசோத்தோ. தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் இருக்கிற சின்ன மலைநாடு. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாகக் கணக்கு நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் நானூறு பிள்ளைகள் இருக்கிறார்களே என்பார்.

அந்த வருடம் ஜனவரியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடமாகக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும், எடை நாற்பத்தாறு கிலோ, மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார், ஹெச்.ஐ.வி. கடிதத்தின் கடைசியில் கணக்கு வாத்தியார் மாதிரியே எழுதியிருந்தார்: 'இங்கே டெஸ்ட் கொஞ்சம் உண்டு, மருந்து இல்லை. என் சம்பளத்தில் ஒரு மாத மருந்துகூட வாங்க முடியாது. ஆகவே விடை பூஜ்யம். அக்கா அழ வேண்டாம்.'

ஞானமணி அழவில்லை. அவள் நியூவர்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் இதே வியாதிக்கான கிளினிக்கில் நர்ஸ். நர்ஸ் விசாவில் முதலில் அமெரிக்கா வந்தது அவள்தான், ஜெபதாஸ் பின்னால் வந்தவர். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஊர்க்காரர்கள் அவளுக்கும் சேர்த்துச் சொல்லிக்காட்டினார்கள். நாலு வருடத்துக்கு முன்புவரை அவள் கிளினிக்கில் வாரம் ஒரு சாவு. பிறகு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற வைத்தியம் வந்தது. பிணம் மாதிரி வீல்சேரில் வந்தவர்கள் ஆறு மாதத்தில் நடந்து வந்து பார்க்கிங் சரியில்லை என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். இங்கே எழுந்து நடக்கிறவனும் அங்கே படுத்துக் கிடக்கிற தம்பியும் ஒரே வியாதிக்காரர்கள்தானே என்று அவள் ஜெபதாஸைக் கேட்டாள்.

நியூயார்க்கில் ஒரு சர்ச்சின் பேஸ்மென்டில் சில டாக்டர்களும் தொண்டர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்துவந்தார்கள். மருந்து மாற்றப்பட்டவர்கள், இறந்துபோனவர்கள் வீடுகளில் மிச்சமாகிக் கிடந்த புட்டிகளைச் சேகரித்து, தேதி பார்த்து, வகை பிரித்து, மருந்தில்லாத நாடுகளில் பெயர் பதிந்த நோயாளிகளுக்கு அனுப்புவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பை, பைக்குத் தொண்ணூறு நாள் மருந்து. தபால் கிடையாது, போகிற யாராவது கையில் கொண்டுபோக வேண்டும். பையோடு ஒரு தாள். கொடுத்தவர், கொண்டுபோகிறவர், சாட்சி என்று மூன்று கையெழுத்து. கொண்டுபோகிறவருக்கு அது என்ன மருந்து, என்ன வியாதிக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

சர்ச் நண்பன் கிறிஸ்டோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் வேலையாகத் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் போய்வருகிறவன். சென்னைப் பையன், நல்லவன். அவனிடம் என்ன மருந்து என்று சொல்ல ஜெபதாஸுக்கு நாக்கு எழவில்லை. "கொண்டுபோகிறவர்" என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டார். கிறிஸ்டோவிடம் சுகர் மாத்திரை என்றார். மார்ச்சிலும் ஜூனிலும் செப்டம்பரிலும் அதையே செய்தார். இது காகிதத்துப் பொய்.

மற்றப் பொய் ஜெபக்கூட்டத்தில் சொன்னது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை யாராவது ஒரு வீட்டில் முப்பது பேர் கூடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். விசா, கிரீன் கார்டு, முதுகுவலி, பிள்ளைகளின் எஸ்.ஏ.டி. மார்க் என்று ஆளாளுக்குச் சொல்ல, எல்லோரும் முழங்காலில் நிற்பார்கள். பிப்ரவரிக் கூட்டத்தில் எல்லோரும் முழங்காலில் நின்ற பிறகு ஜெபதாஸ், "எனக்க மச்சினனுக்கு சுகர் கூடிப்போச்சு, ஆளு மெலிஞ்சுபோனான்" என்று சொல்லிவிட்டார். முப்பது பேரும் உருக்கமாக சுகருக்கு ஜெபித்தார்கள். அதோடு விட்டார்களா? கிறிஸ்டோவின் மனைவி பிரீத்தா வீட்டுப் பின்புற டெக்கில் பாகற்காய் காயவைத்து வற்றல் போட்டு புருஷன் பெட்டியில் வைத்தாள். இன்னொரு அம்மா நாவல்கொட்டைப் பொடி இடித்துக் கொடுத்தாள். ஜூலையில் செல்லதாஸின் போட்டோ வந்தது, கன்னம் உப்பி, அந்த ஊர் ஜூலைக் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, போர்டுக்கு முன்னால் சிரித்தபடி. சபையார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, சுகர் இறங்கியதற்கு ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள். பிரீத்தாவுக்குப் பாகற்காயின் மேல் இருந்த மரியாதை இரண்டு பங்காகிவிட்டது. ஞானமணி போட்டோவைத் திரும்ப வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் காரில் போய் உட்கார்ந்தாள்.

அக்டோபர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து, மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, ஞானமணி போன் கார்டைச் சுரண்டி லெசோத்தோவுக்கு அடித்தாள். வெளியே குளிர்ந்த மழை. டிரைவ்வேயில் மேப்பிள் இலை நனைந்து ஒட்டிக் கிடந்தது. ஜெபதாஸ் ஹாலில் இன்னொரு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"லே செல்லா, சாப்பிட்டியா? மாத்திரை எண்ணினியா? எத்தனை இருக்கு?"

"பன்னெண்டு நாளைக்கு இருக்கு எக்கா."

"பன்னெண்டா? செப்டம்பர் ஆறாந்தேதி தொண்ணூறு நாளைக்கு உள்ளது வந்துதே. களவு போச்சா?"

"களவு ஒண்ணும் போகல்ல. ரெண்டு பேரு தின்னுதோம்."

ஞானமணியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "யாரு ரெண்டு பேரு?"

"மாதாபோன்னு எங்க ஹாஸ்டல்ல சமையல் செய்யுதவ. தாபோன்னு மூத்த பையன், அவனுக்க அம்மைன்னு அர்த்தம். இங்க அப்படித்தான் விளிப்பினும். நான் எந்திரிக்க முடியாம கிடந்த நாள்ல எனக்கு சோளக்கஞ்சி ஊட்டிவிட்டவ அவதான் எக்கா. இப்பம் அவ விழுந்துட்டா. மூணு பிள்ளை உண்டு."

"பாதி பாதியாத் தின்னியளா? லே, உனக்கு எத்தனை தடவை எழுதினேன்..."

"நான் கணக்கு வாத்தியாராக்கும். பாதி போட்டா பொறவு மருந்தே கேக்காதுன்னு நீ எழுதினது எனக்கு மனப்பாடம். மாத்திரையப் பாதியாக்கல்ல எக்கா. நாளத்தான் பாதியாக்கினேன். ரெண்டு பேருக்கும் முழுசு. டாக்டரம்மாதான் பாத்துக் குடுக்குதாவ."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருப்ப. நீ சொன்ன பொறவு எனக்கு மீற முடியாதுல்லா."

"இருபதாந்தேதி ரெண்டு பேருக்கும் தீந்துபோவும். பொறவு என்ன செய்வ?"

"அதுக்குத்தான் நீ உண்டே" என்றார் செல்லதாஸ், கடையில் உப்பு இருக்கிறது என்று சொல்வது போல.

அவள் அவரைத் திட்டினாள். மார்த்தாண்டம் சந்தையில் கேட்கக்கூடிய எல்லா வார்த்தையும் அந்தச் சமையலறையில் கேட்டது. செல்லதாஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "திட்டி முடிச்சாச்சா? இன்னொண்ணு கேளு. முன்ன இங்க டெஸ்ட் எடுக்க ஒருத்தரும் வரமாட்டினும். மருந்தில்லாத வியாதிய எதுக்குத் தெரிஞ்சுக்கிடணும்னு கேப்பினும். நான் திரும்பவும் கிளாசுக்குப் போய்ச் சத்தம் போடுதத ஊரு பாத்துதுல்லா? போன மாசம் ஏழு பேரு தானா வந்தினும். டெஸ்ட் எடுக்கப்பட்ட கிட்டு தீந்துபோச்சு. இன்னும் ஒன்பது பேரு காத்திருக்கினும். நீ அனுப்பின மாத்திரை என்னை மட்டும் எழுப்பல்ல எக்கா."

ஞானமணி மூக்கை உறிஞ்சினாள். அடுப்பில் குழம்பு பொங்கியது. ஜெபதாஸ்தான் ரிசீவரில் பேசினார். "செல்லா, நான் அத்தான். இதப் பத்தி... அங்க யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் அத்தான். ஆகஸ்ட்ல அசெம்பிளியில நானே சொன்னேன். நானூறு பிள்ளையளுக்க முன்னால. ஏன் அத்தான், அங்க தெரியாதா?"

ரிசீவரை வைத்துவிட்டு ஜெபதாஸ் திரும்பினார். மகள் ஜெபினா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது, தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும். "டாட், ஐ கேன் ரீட் லேபிள்ஸ், யூ நோ" என்றாள். மார்ச் மாதமே அவளுக்குத் தெரியுமாம். வீட்டில் தெரியாத ஆள் யாரும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாப்பிடும்போது ஞானமணி சொன்னாள். "கிறிஸ்டோவ இந்த மாசம் கூடுதலா ஒரு தடவை அனுப்புதாவ, வாற ஞாயிற்றுக்கிழமை போறான். திரும்ப ஜனவரியிலதான். வேற வழி இல்ல. இந்தத் தடவை ரெண்டு பை. ஆறு பெரிய புட்டி. கஸ்டம்ஸ்ல திறந்து கேட்டா அவன் சுகர் மாத்திரைன்னு சொல்லுவான். தாள்ல ஒண்ணு இருக்கும், இவன் வாயில ஒண்ணு வரும். கஸ்டம்ஸ்காரன் மருந்தப் புடிச்சு வச்சிருவான். ரெண்டு பேரும் இருபதாந்தேதி நிறுத்தணும்."

"நான் அவன்கிட்ட தனியாச் சொல்லுதேன்."

"தனியாச் சொல்லுவிய. அவன் பிரீத்தாகிட்ட சொல்லுவான். அவ வேலை செய்யுத டேகேர்ல நாலு பேருகிட்ட சொல்லுவா. பொறவு சபையில குசுகுசுன்னு பேசுவினும். எனக்க தம்பி களவாணி ஒண்ணும் இல்ல, ஒளிச்சு வைக்க. சனிக்கிழமை கூட்டம் நம்ம வீட்டுலதான். முழங்கால்ல நின்னு சொன்னத முழங்கால்ல நின்னு மாத்துங்க."

"எப்படி வந்துதுன்னு கேப்பினும்."

"கேக்கட்டு. கிளினிக்ல நான் ஒருத்தரயும் அப்படிக் கேட்டதில்ல. எனக்க தம்பிய மட்டும் எதுக்குக் கேக்கணும்?"

அந்த வாரம் அவள் டியூட்டி முடிந்து தினமும் பேஸ்மென்டுக்கு ரயிலேறினாள். லெசோத்தோ டாக்டரம்மாவிடமிருந்து மாதாபோவின் ரத்தக் கணக்கும் கடிதமும் ஃபேக்ஸில் வந்தன. பெயர் பதிந்தாகிவிட்டது. இரண்டு வகை மருந்து கிடைத்தது. மூன்றாவது வகை இரண்டாவது பைக்குப் பற்றவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு ஒரு கறுப்பினத் தாய் வந்தாள். மகனை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மருந்து அவனுக்கு ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்தது. ஷூ பெட்டியில் புட்டிகளை அடுக்கிக் கொண்டுவந்து, யாருக்குப் போகும் என்று மட்டும் கேட்டாள். ஒரு சமையல்காரிக்கு, மூன்று பிள்ளைகளின் தாய்க்கு என்றாள் ஞானமணி. அந்த அம்மா தலையாட்டிவிட்டு, நல்லா சமைப்பாளா என்று கேட்டாளாம். இதை ஞானமணி வீட்டில் இரண்டு தடவை சொன்னாள். பேஸ்மென்டில் டாக்டர் ஒவ்வொரு புட்டியாகப் பார்த்துச் சரி சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபதாஸ் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டு, வெண்ணெய்க் கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினார். இறந்தவர்களின் பெயர் இருந்த லேபிளை வெந்நீரிலும் தேங்காயெண்ணெயிலும் ஊறவைத்து எடுத்து, புது லேபிள் எழுதி ஒட்டினார். ஒன்றுகூடச் சாயவில்லை. ஆனால் ஒரு மாத்திரை உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. முட்டிபோட்டு ஸ்கேலால் இழுத்து எடுத்தார். கம்பெனி என்றால் அதற்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. வீட்டில் அதை எறியவும் மனம் வரவில்லை, புட்டியில் போடவும் கை போகவில்லை. டிஷ்யூவில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தினமும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. வாசலில் செருப்புக் குவியல், சோபாவில் அம்மாமார், கார்ப்பெட்டில் பிள்ளைகள். வெந்த மரச்சீனியும் மீன் குழம்பும் பருப்பு வடையும் துணி மூடிக் காத்திருந்தன. கூட்டத்தை நடத்துகிற கோயில்பிள்ளை அங்கிள் பாட்டை முடித்து, "ஜெபக்குறிப்பு சொல்லுங்க" என்றார். ஒருவருக்குக் கிரீன் கார்டுக்கான லேபர் சர்டிபிகேஷன். ஒருத்திக்கு மாமியார் வருகிறார்கள். பிரீத்தா கையைத் தூக்கி, "செல்லதாஸ் அங்கிளோட சுகர் கன்ட்ரோல்ல இருக்கறதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

ஜெபதாஸ் முழங்காலில் நின்றார். இன்னும் யாரும் நிற்கவில்லை, அவர் மட்டும் நின்றார்.

"எனக்க மச்சினனுக்கு சுகர் இல்ல" என்றார். "ஒருநாளும் இருந்ததில்ல. அவனுக்கு ஹெச்.ஐ.வி. நான் எட்டு மாசமா உங்களையும் ஏமாத்தி, ஆண்டவரையும் ஏமாத்தப் பாத்தேன். கிறிஸ்டோ, உனக்க பெட்டியில மூணு தடவை போனது அந்த மருந்துதான். தாள்ல நீ போடவேண்டிய கையெழுத்த நான் போட்டேன். கண்ணால பாக்காம போடமாட்டேன்னு சொல்லித் திரிஞ்ச நான்தான் போட்டேன்."

ஒரு அம்மா மடியிலிருந்த பிள்ளையைச் சற்று இழுத்து அணைத்துக்கொண்டாள், அந்த வியாதி பெயரைச் சொன்னாலே பாய்ந்து வந்துவிடும் என்பதுபோல. ஜெபதாஸ் அதைப் பார்த்தார். எட்டு மாதமாகப் பயந்தது இதற்குத்தான். வந்தாகிவிட்டது என்றதும் பயம் பாதி குறைந்துபோனது.

ஞானமணி விவரம் சொன்னாள். மாதாபோ யார், இருபதாம் தேதி என்ன ஆகும், நாளைக்கு இரண்டு பை போக வேண்டும் என்பதையெல்லாம் கிளினிக்கில் பேசும் குரலில் சொன்னாள்.

கிறிஸ்டோவுக்கு முகம் சிவந்திருந்தது. "அங்கிள், நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம். ஏர்போர்ட்ல மாட்டியிருந்தா நான் என்ன பதில் சொல்றது? அடுத்த மாசம் எனக்கு கிரீன் கார்டு மெடிக்கல். பிளட் டெஸ்ட்ல இதைத்தான் முதல்ல பாக்கறாங்க, இருந்தா கார்டு கிடையாது. இந்த நேரத்துல இந்த மருந்தோட என் பேரு ஒரு ஃபார்ம்ல இருந்தா..."

அவன் கோபத்தில் தப்பில்லை. ஜெபதாஸ் தலை குனிந்தார். ஞானமணி குனியவில்லை.

"உண்மை மக்கா. நீ கோபப்படணும்" என்றாள். "ஒண்ணு மட்டும் கேளு. இந்த ரூம்ல கிரீன் கார்டு உள்ள அத்தனை பேரும் அந்த டெஸ்ட் எடுத்தவங்கதான். நானும் எடுத்தேன், இவரும் எடுத்தாரு. நமக்குக் காயிதம் வேணும்னு சொன்னதும் இந்த ஊருக்காரன் ஒரே நாள்ல எடுத்துப் பாத்துட்டான். அங்க ஒன்பது பேரு உயிர் வேணும்னு வரிசையில நிக்கினும், எடுக்கக் கிட்டு இல்ல. எடுத்தாலும் மருந்தில்ல. எனக்க தம்பி அந்த ஊருல தனக்குள்ள நாளப் பாதியா வெட்டி ஒரு சமையல்காரிக்குக் குடுத்துட்டு நிக்கான். அவன நினைச்சு வெக்கப்படணும்னு யாராவது சொன்னா எனக்குக் கேக்காது. எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு."

பிரீத்தா எழுந்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா அழுகையா என்று ஜெபதாஸுக்குப் புரியவில்லை. "நான் மூணு தடவை பாகற்காய் காயப்போட்டேன் அங்கிள்" என்றாள். "அணில் வந்து தூக்கிட்டுப் போகுதுன்னு குச்சி வச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"தெரியும் மக்கா."

"எட்டு மாசமா ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அவரு சுகருக்கு ப்ரே பண்ணியிருக்கேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "மூணு தடவை தெரியாம எடுத்துட்டுப் போனே. ஒரு தடவை தெரிஞ்சு எடுத்துட்டுப் போயேன்."

கிறிஸ்டோ எழுந்து வந்தான். பிறகு தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். "போடறேன். ஆனா எண்ணிப் பாத்துட்டுத்தான் போடுவேன். கண்ணால பாக்காம போடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அன்றைய ஜெபக்கூட்டம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடந்தது. ஆளாளுக்குக் கை கழுவி வந்தார்கள். வெள்ளைத் துணியில் மாத்திரைகளைக் கொட்டி, கிறிஸ்டோ ஒரு பக்கமும் கோயில்பிள்ளை அங்கிள் ஒரு பக்கமும் ஐந்தைந்தாகத் தள்ளினார்கள். பிள்ளையை இழுத்து அணைத்த அம்மா முதலில் சோபாவிலேயே இருந்தாள். பிறகு மெதுவாக வந்து, இருட்டாக இருக்கிறதே என்று சொல்லி மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர், மூன்று வகை, தொண்ணூறு நாள், காலையும் மாலையும். ஆயிரத்து எண்பது இருக்க வேண்டும். ஆயிரத்து எழுபத்தொன்பதுதான் இருந்தது.

"ஒண்ணு குறையுது அங்கிள்" என்றான் கிறிஸ்டோ.

ஜெபதாஸ் சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவை எடுத்துப் பிரித்தார். "தரையில விழுந்துட்டு. கம்பெனியில விழுந்தத எறியணும்."

"கிளினிக்ல நான் எறிவேன்" என்றாள் ஞானமணி. "இது அவளுக்கு அரை நாளு. போடுங்க."

அவர் மாதாபோவின் புட்டியில் அதைப் போட்டார். அதற்கும் மூன்று கையெழுத்து ஆயிற்று. கொடுத்தவர் ஞானமணி, கொண்டுபோகிறவர் கிறிஸ்டோ, சாட்சி பிரீத்தா. மறுநாள் காலை எடைபோட்டுப் பெட்டியைப் பூட்டும்போது பிரீத்தா ஓடிவந்து ஒரு பொட்டலத்தைச் செருகினாள். பாகற்காய் வற்றல்தான். ஏற்கெனவே காயப்போட்டுவிட்டாளாம்.

பதினெட்டாம் தேதி புதன்கிழமை போன் வந்தது. செல்லதாஸ் ஜோஹன்னஸ்பர்க்குக்கே வேன் பிடித்துப் போய்ப் பைகளை வாங்கி வந்திருந்தார். கஸ்டம்ஸில் திறந்தார்களாம். கிறிஸ்டோ தாளை நீட்டி, என்ன வியாதி, யாருக்கு என்று தெளிவாகச் சொன்னானாம். அந்த ஆபீசர் அம்மா படித்துவிட்டு, புட்டிகளைத் தன் கையாலேயே திரும்ப அடுக்கி வைத்தாளாம்.

"ரெண்டு நாளு மிச்சம் வச்சு வந்து சேந்துட்டு எக்கா. உனக்குத் தெரியுமா, அந்தப் பாகக்கா வத்தல மாதாபோ பொரிச்சு ஹாஸ்டலுக்கே போட்டுட்டா. பிள்ளையளுக்குப் புடிக்கல்ல. அவளுக்குப் புடிச்சுப்போச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அத்தான் கிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லுதா. அங்க ஜெபம் செய்யும்போ அவளுக்க பேரச் சொல்லுவியளான்னு. காத்திருக்கப்பட்ட ஒன்பது பேரும் கேக்கினும். வியாதிய ஒளிச்சு வைக்காம, பேரு சொல்லி, சத்தமா ஜெபிக்கணுமாம். நான் ஒவ்வொருத்தருகிட்டயும் தனித்தனியா கேட்டுட்டேன். அவங்களே எழுதித் தந்திருக்கினும். எழுதிக்கிடுவாரா?"

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை கூட்டம் கிறிஸ்டோ வீட்டில். கோயில்பிள்ளை அங்கிள் ஜெபக்குறிப்பு கேட்டதும் ஜெபதாஸ் எழுந்தார். முந்தின நாளே புதுச் சட்டை தேய்த்து வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடித்த தாளைப் பிரித்தார்.

"லெசோத்தோவுல பதினோரு பேரு" என்றார். "எனக்க மச்சினன் செல்லதாஸ், ஹெச்.ஐ.வி, மருந்து கிடைச்சுட்டு. மாதாபோ, ஹெச்.ஐ.வி, மருந்து கிடைச்சுட்டு. இனி சொல்லப்பட்ட ஒன்பது பேருக்கு டெஸ்ட் எடுக்கக் கிட்டு வரணும். ஞானமணி பேஸ்மென்டுல கேட்டிருக்கா." முதல் பெயரைப் படித்தார். நாக்கு சுளுக்கிக்கொண்டது. லேபிளைச் சரிசெய்வது போல மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.

பிரீத்தா மடியில் நோட்டை விரித்துவைத்திருந்தாள். "மெதுவா சொல்லுங்க அங்கிள்" என்றாள். "ஒவ்வொரு பேரா எழுதிக்கறேன். இந்தத் தடவை தப்பா ப்ரே பண்ணக்கூடாது."